மூன்று லட்சம் சைட்டேஷனும் ஒரு செத்த மீனும்

பிஎச்.டி.க்கு கைடு தேடுறவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி: "இவரோட ஹெச்-இண்டெக்ஸ் 40, அந்த மேடமோடது 15. யார்கிட்ட சேரலாம்?"

ஒருத்தரோட 40 கட்டுரைகளை, ஒவ்வொண்ணையும் குறைஞ்சது 40 தடவை மத்தவங்க தங்கள் கட்டுரையில குறிப்பிட்டிருந்தா ஹெச்-இண்டெக்ஸ் 40. ஹோர்ஹே ஹிர்ஷ்னு ஒரு இயற்பியலாளர் 2005-ல கொண்டுவந்த கணக்கு இது. இந்தக் கணக்குல உச்சத்துல இருக்கிற ஒருத்தரை எடுத்துப் பார்த்துடலாம்.

கார்ல் ஃப்ரிஸ்டன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல இருக்கிற நரம்பியல் விஞ்ஞானி. ஹெச்-இண்டெக்ஸ் 200-ஐத் தாண்டிடுச்சு, சைட்டேஷன் 3 லட்சத்துக்கும் மேல. 2016-ல செமான்டிக் ஸ்காலர் தேடுபொறி போட்ட பட்டியல்ல, அதிகத் தாக்கம் உள்ள நரம்பியல் விஞ்ஞானின்னு இவர் பேர்தான் முதல்ல வந்துச்சு.

இவ்வளவும் எங்கிருந்து வந்துச்சு? பெரும் பங்கு ஒரு மென்பொருள்ல இருந்து. பேரு எஸ்பிஎம். 90-களோட தொடக்கத்துல உருவாக்கி, சும்மாவே எல்லாருக்கும் கொடுத்தார். மூளை ஸ்கேன் தரவோட வேலை செய்யற என்னை மாதிரி ஆளுங்களுக்கு இது சமையல்கட்டுல இருக்கிற மிக்ஸி மாதிரி. அதை ஓட்டினா, கட்டுரையில அவர் பேரைப் போடணும். போடறோம். அந்தக் கணக்குப் பகுதியை எத்தனை பேர் முழுசா படிச்சிருப்பாங்கன்னு கேட்காதீங்க!

அந்தக் கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் மூளையைச் சின்னச் சின்னக் கட்டங்களா பிரிக்குது. ஒரு லட்சம் கட்டம்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொண்ணுலயும் "இங்க ஏதாவது நடக்குதா?"ன்னு தனித்தனியா சோதிக்கிறோம். தற்செயலா "ஆமா"ன்னு வர்றதுக்கு 5 சதவீத வாய்ப்பு விட்டா, ஒண்ணுமே நடக்காத மூளையிலகூட 5,000 கட்டம் மின்னும்.

இதைக் காட்டறதுக்காக கிரெய்க் பென்னட்டும் அவர் குழுவும் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள்ள வெச்சாங்க. மனுஷங்க படத்தைக் காட்டி, "இவர் என்ன உணர்ச்சியில இருக்கார்?"னு அந்த மீன்கிட்ட கேட்டாங்க. திருத்தம் செய்யாம கணக்குப் போட்டா, மீனோட மூளையில சில இடம் மின்னுச்சு. திருத்தினதும் காணாம போயிடுச்சு. 2012-ல இதுக்கு இக் நோபல் பரிசும் கிடைச்சது.

அந்தத் திருத்தத்தை எஸ்பிஎம்லயே செய்யலாம். ஆனா 2016-ல ஆண்டர்ஸ் எக்லுண்ட் குழு, எஸ்பிஎம் உட்பட மூணு மென்பொருளைச் சோதிச்சுப் பார்த்தது. குறிப்பிட்ட ஒரு வகைத் திருத்தத்துல, 5 சதவீதம் இருக்க வேண்டிய தவறான முடிவு, சில அமைப்புகள்ல 70 சதவீதம் வரைக்கும் போச்சு. ஊடகங்கள்ல ஒரே அமளி. 40,000 கட்டுரை சந்தேகம்னு முதல்ல எழுதின வரியை, ரொம்ப அதிகம்னு அவங்களே பிறகு திருத்திட்டாங்க. வேடிக்கை என்னன்னா, இந்த விமர்சனத்துலயும் ஃப்ரிஸ்டன் கட்டுரைகளைக் காட்டித்தானே ஆகணும்? அதுவும் ஒவ்வொரு சைட்டேஷன். திட்டினாலும் எண்ணிக்கை ஏறும்.

இதனால அவரைக் குறைச்சு மதிக்கணும்னு நான் சொல்லல. ஒரு துறை முழுக்க ஒரே முறையில கணக்குப் போட்டு, ஒருத்தர் முடிவை இன்னொருத்தர் சரிபார்க்க முடியுதுன்னா, அதுல அவருக்குப் பெரிய பங்கு இருக்கு. என்னைக் கேட்டா, மூளை எப்பவும் ஊகம் செஞ்சுகிட்டே ஆச்சரியங்களைக் குறைக்கப் பார்க்குதுன்னு சொல்ற அவரோட 'ஃப்ரீ எனர்ஜி' கொள்கையைவிட இதுதான் பெருசு. பல பேர் ஒத்துக்க மாட்டாங்க, பரவாயில்ல.

சரி, கைடு விஷயம். கூகுள் ஸ்காலர்ல பேராசிரியர் பக்கத்தைத் திறந்தா, மொத்த எண்ணை விடுங்க. மேல இருக்கிற ரெண்டு கட்டுரை கருவியா, கண்டுபிடிப்பா, இல்ல 50 பேர் சேர்ந்து எழுதினதான்னு பாருங்க. அதைக் காட்டினவங்க எழுதின ஒரு கட்டுரையைத் திறந்து, எந்த வாக்கியத்துல இவர் பேர் வருதுன்னு படிங்க. பத்து நிமிஷ வேலை. அந்த லேப்ல முடிச்சுப் போனவங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசிடுங்க.

ஒண்ணு விட்டுட்டேனே. ஃப்ரிஸ்டன் அடிப்படையில மனநல மருத்துவர். மனச்சிதைவு நோயாளிகளோட வேலை செஞ்சவர். அவங்க மூளைப் பகுதிகளுக்கு நடுவுல இருக்கிற தொடர்புல என்ன கோளாறுங்கறது அவர் பல வருஷமா துரத்தற கேள்வி. 3 லட்சம் சைட்டேஷனுக்கு அப்புறமும், மனச்சிதைவை டாக்டர்கள் ஸ்கேன் பார்த்து உறுதி செய்யறதில்ல. எதிர்ல உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்கறாங்க.