தீப்பெட்டியும் ஒரு பாடப்புத்தகம்தான்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசினால் போதும் சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம் முக்கால் மணி நேர பீரியடுக்குப் பழகிய வாய் இது. கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் பொறுத்தருள வேண்டும்.

இங்கே கை தூக்கச் சொன்னால் நம்மில் பலர் ஆசிரியர்கள். பின்வரிசை மாணவர்களில் சிலர் பி.எட். போகப் போகிறவர்கள். அதனால் உயர்நிலைப் பள்ளி வகுப்பறையைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

முதலில் என் குறையைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, சிவகாசி வட்டாரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் நான் நடத்தியது பாடம் அல்ல, நோட்ஸ். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்லிப் டெஸ்ட். போர்டில் எழுதுவேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், மறுநாள் ஒப்பிப்பார்கள். பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தில் நம் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்றது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு துளி பங்கு உண்டு. அதை இப்போதும் நான் குறைவாகப் பேச மாட்டேன். தீப்பெட்டிக் கட்டை அடுக்கும் வீட்டிலிருந்து முதன்முதலாக ஒரு பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்வது சாமானியக் காரியமா?

ஆனால் ஒருநாள் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய மாணவனைப் பார்த்தேன். அறிவியலில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் மேலே படிக்க முடியவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் மருந்து கலக்கும் இடத்தில் வேலை. "என்னப்பா, எப்படி இருக்கே?" என்றேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "சார், ஆக்சிஜன் தயாரிக்கிற அந்த ஈக்வேஷன், பொட்டாசியம் குளோரேட் சமன்பாடு, இப்பக் கேட்டாலும் பாலன்ஸ் பண்ணிருவேன். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு டிரம்மு மேல அந்தப் பேரைப் பார்த்தேன் சார். அதுதான் இதுன்னு எனக்குத் தோணவே இல்லை. பக்கத்துல இருந்த அண்ணாச்சிதான் 'ஏ, அதை உரசாதப்பா'ன்னு கையைப் பிடிச்சு இழுத்தாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் போட்டது நான். அந்த டிரம்மின் அருகில் அவனைக் காப்பாற்றியது, என்னிடம் படிக்காத ஒரு அண்ணாச்சி.

மறு வாரம் ஒரு தீப்பெட்டியோடு வகுப்புக்குப் போனேன். ஒரே ஒரு கேள்வி. "இந்தக் குச்சியைப் பெட்டியில் உரசினால் பற்றுகிறது. பெஞ்சில் உரசினால் ஏன் பற்றுவதில்லை?" நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். பாதிக்கு மேல் தீப்பெட்டி வேலை பார்க்கும் குடும்பங்கள். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. ஆனால் பேச்சு கிளம்பிவிட்டது. குச்சியின் தலையில் இருக்கும் மருந்து வேறு, பெட்டியின் பக்கத்தில் தடவும் மருந்து வேறு என்று ஒரு பையன் சொன்னான். மழைக்காலத்தில் குச்சி காயாது, கூலி குறைந்துபோகும் என்று ஒரு பெண் சொன்னாள். அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். பெட்டியின் பக்கத்தில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும். தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், அது ஆக்சிஜனைக் கொடுக்கும். இரண்டையும் தனித்தனியே பிரித்து வைத்திருப்பதால்தான் அதற்குப் பாதுகாப்புத் தீக்குச்சி என்று பேர். உரசும்போது மட்டும் இரண்டும் சந்திக்கின்றன. நான் வருஷக்கணக்காக டிக்டேட் செய்த ஆக்ஸிஜனேற்றம் அன்றைக்குத்தான் அந்த வகுப்புக்குள் வந்தது.

பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். அப்போதைய தலைமையாசிரியர் கூப்பிட்டு, "சார், உங்க கிளாஸ்ல சத்தம் ஜாஸ்தியா இருக்கே" என்றார். இருக்கத்தான் செய்தது.

கணித ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நம் ஊர் அச்சகங்களில் அடிக்கும் காலண்டர் மாட்டாத சுவர் உண்டா? பத்தாம் வகுப்பில் இப்போது மட்டு எண்கணிதம் இருக்கிறது. 365-ஐ ஏழால் வகுத்தால் மீதி 1. அதனால்தான் இந்த வருஷம் புதன்கிழமை வரும் பிறந்தநாள் அடுத்த வருஷம் வியாழனுக்குப் போகிறது, நடுவில் பிப்ரவரி 29 வந்தால் வெள்ளிக்குத் தாவுகிறது. ஒரு பழைய காலண்டர் போதும். அதே காலண்டரில் இருக்கும் சாமி படத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று வெறும் புள்ளிகளாகத் தெரியும். ஒளியியல் பாடத்துக்கு இதைவிடச் சாதனம் வேறெங்கே வாங்க முடியும்?

அரசும் சும்மா இருக்கவில்லை. ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்தை எடுத்துக்கொண்டு, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-இல் அது மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஆறு முதல் எட்டு வரை படைப்பாற்றல் கல்வி வந்தது. 2012-இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. நல்ல எண்ணத்தில் வந்தவைதான். நம் கைக்கு வந்ததும் என்ன ஆயிற்று? புராஜெக்ட் என்றால் ஸ்டேஷனரி கடையில் படம் வாங்கி சார்ட்டில் ஒட்டுவது என்று ஆக்கிவிட்டோம். நானும் அந்த சார்ட்டுகளுக்கு மார்க் போட்டவன்தான். உத்தரவு மேலிருந்து வரலாம், கேள்வி கேட்கும் பழக்கம் வகுப்பு ஆசிரியரிடமிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

இன்னொன்று சொல்லாமல் விட முடியாது. 2012 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். அன்று மதிய வேளையில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்து. ஏறத்தாழ 40 உயிர்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடிப் போய், அடுத்த வெடிப்பில் சிக்கியவர்கள் அதில் பலர். விபத்துக்குக் காரணம் பள்ளிப் பாடம் என்று சொல்ல வரவில்லை. அது ஆலையும் அனுமதியும் கண்காணிப்பும் சம்பந்தப்பட்டது. ஆனால் "தீ எரியத் தேவையானவை மூன்று" என்று நம் பிள்ளைகள் மார்க்குக்கு எழுதுகிறார்கள். மண்ணைப் போட்டு மூடினால் அணையும் தீ வேறு. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே சுமந்திருக்கும் பட்டாசு மருந்தின் தீ வேறு. அதன் பக்கத்தில் போகவே கூடாது, தூரமாக ஓட வேண்டும். வெடியுப்பும் கந்தகமும் கொட்டிக் கிடக்கும் ஊரில் இந்த வித்தியாசத்தைச் சொல்லித் தராமல் ஆக்ஸிஜனேற்றம் நடத்தி முடித்தேன் என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது?

"போர்ஷன் முடியாதே சார்" என்பீர்கள். நியாயம்தான். நானும் வாரத்துக்கு ஒரு பீரியடுதான் மாற்றினேன். மற்ற நாளெல்லாம் பழைய சாக்பீஸ்தான். ரிசல்ட் ஒன்றும் விழவில்லை. 2017-லிருந்து மாநில ரேங்க் அறிவிப்பதில்லை, புதிய பாடத்திட்டத்தில் புளூ பிரிண்டும் போய்விட்டது. புத்தகத்துக்குள்ளிருந்து சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். மனப்பாடத்தை மட்டும் நம்பினால் இப்போது மார்க்கே வராது. ஒரு எச்சரிக்கை: பட்டாசு மருந்தை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லிவிடாதீர்கள். தீப்பெட்டியே போதும், அதையும் நீங்களே உரசுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருஷத்தில் இரண்டு சனிக்கிழமை நம் வேதியியல் ஆய்வகத்தைத் திறந்து தர வேண்டும். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் பத்துப் பேர் வந்தாலும் போதும், ஆளுக்கு ஒரு பாடத்தை மற்றவர் முன்னால் நடத்திக் காட்டுவோம். அச்சகம், தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் நண்பர்கள் அரை மணி நேரம் வந்து தொழிலைச் சொல்லட்டும். முதல் வகுப்பை நான் எடுக்கிறேன். தீப்பெட்டிச் செலவு என்னுடையது.