முகவாதமும் அறுவைச் சிகிச்சையும்

உள்ளத்தில் எழும் உவகையும் துயரும் பிறர்க்குப் புலனாவது முகத்தின் வாயிலாகவே. புருவம் உயர்வதும், கண் இமைப்பதும், இதழோரம் மலர்வதும் தோலுக்கடியிலுள்ள மெல்லிய தசைகளின் தொழில். அத்தசைகளை ஏவுவது மூளையிலிருந்து பக்கத்திற்கு ஒன்றாகப் புறப்படும் ஏழாம் நரம்பு. அது காதையொட்டிய எலும்பினுள் குறுகியதொரு குழாய் வழியாக வந்து, காதின் கீழே வெளிப்பட்டு, கன்னத்தில் ஐந்து கிளைகளாக விரிகிறது. 1821ஆம் ஆண்டில் சார்லஸ் பெல் என்னும் அறிஞர் லண்டனில் இந்நரம்பைப் பற்றி விளக்கியுரைத்தார். காரணம் தெளிவாகப் புலப்படாமல் திடீரெனத் தோன்றும் முகவாதம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அன்பர்களே, முகவாதம் என்றதும் கத்தியை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. பெல் வாதம் கண்டவருள் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடுகின்றனர். முதல் மூன்று நாட்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் தேறும் வாய்ப்பு மிகும். செவி நரம்பில் வளர்ந்த கட்டியை அகற்றுகையில் ஏழாம் நரம்பை இழந்தவர், விபத்தில் கன்னம் கிழிந்தவர், பிறவியிலேயே அந்நரம்பு அமையப் பெறாதவர் ஆகியோருக்கே அறுவைச் சிகிச்சை பெரிதும் வேண்டப்படுகிறது.

எல்லோரும் சிரிப்பைப் பற்றியே கவலைப்படுகின்றனர். மருத்துவரோ முதலில் கண்ணைப் பார்க்கிறார். இமை மூடாவிட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகும், பார்வையே போய்விடக்கூடும். ஆகவே மேலிமையினுள் ஏறத்தாழ ஒரு கிராம் எடையுள்ள பொன் தகட்டை வைத்துத் தைக்கின்றனர். இமையை உயர்த்தும் தசை தளர்ந்தவுடன், தகட்டின் பாரத்தால் இமை தானே இறங்கும். படுத்திருக்கும்போது அப்பாரம் பயன்படாது. இரவில் களிம்பிட்டுக் கொள்ள வேண்டும்.

அடுத்து அவர் கேட்பது, முகம் அசைவிழந்து எவ்வளவு காலமாயிற்று என்பது. நரம்பின் ஏவலின்றி ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் கிடந்த தசை நலிந்துபோம். பின்னர் நரம்பை இணைத்தும் பயனில்லை. அதற்கு முன்னரெனில், அறுபட்ட முனைகளை நுண்ணோக்கியின் உதவியால் தைக்கலாம். இடைவெளி இருந்தால் காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து ஒட்டுப் போடலாம். நரம்பு மூளையருகே வேரோடு போயிருந்தாலோ, வேறொரு நரம்பைக் கடன் வாங்க வேண்டியதுதான். 1895ஆம் ஆண்டில் சார்லஸ் பாலன்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் தோளை அசைக்கும் நரம்பை முக நரம்புடன் இணைத்தார். தோளை உயர்த்தினால் முகமும் அசையும்! விந்தைதான், ஆயினும் வழி திறந்தது. பின்னர் நாக்கின் நரம்பைப் பயன்படுத்தினர்; அதை முழுதும் வெட்டினால் நாக்கில் பாதி சூம்பிவிடும். கடனுக்கு வட்டி உண்டு என்பதை மருத்துவரும் நோயாளியும் முன்னரே பேசிக்கொள்ளுதல் நலம்.

தசையே நலிந்துவிட்டால் புதுத்தசை தேட வேண்டும். மெல்லும் தசைகளை ஏவுவது ஐந்தாம் நரம்பாதலின் முகவாதத்தில் அவை கெடுவதில்லை. 1934ஆம் ஆண்டில் ஹரால்ட் கில்லீஸ் பொட்டிலுள்ள மெல்லும் தசையை மடக்கிக் கீழிறக்கி, தொடையிலிருந்து எடுத்த சவ்வுப் பட்டையால் நீட்டி, முகத்துடன் பொருத்தும் முறையை விவரித்தார். பிரான்சின் டானியேல் லபே அத்தசையின் தசைநாரையே வாயோரம் வரை கொணர்ந்து தைக்கும் முறையைப் பிற்காலத்தில் வகுத்தார்.

1976ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் கியோனோரி ஹாரி வெளியிட்ட முறை இவற்றினும் துணிவு மிக்கது. தொடையின் உட்புறத்தில் கிராசிலிஸ் என்றொரு மெல்லிய தசை உண்டு. அதன் வேலையை அண்டைத் தசைகள் ஏற்றுக்கொள்வதால், அதை எடுத்தாலும் நடைக்குக் குறைவில்லை. அதில் ஒரு துண்டை அதன் தமனி, சிரை, நரம்பு ஆகியவற்றோடு எடுத்துக் கன்னத்தில் பதித்து, தலைமயிரினும் நுண்ணிய நூலால் அங்குள்ள குழாய்களோடு இணைக்கின்றனர். ஆனால் அத்தசையை ஏவுவது யார்?

இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. நலமுள்ள கன்னத்தில் சிரிப்பிற்குரிய கிளைகள் பல இருப்பதால், அவற்றுள் ஒன்றில் கால் நரம்பை இணைத்து, மேலுதட்டின் வழியாக மறுபக்கம் கொண்டு செல்லலாம். நரம்பிழை நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். ஆகவே பல மாதங்கள் காத்திருந்த பின்னரே தசையைப் பதிப்பர். அசைவு காணப் பின்னும் சில மாதங்கள் ஆகும். அதன் பயனோ பெரிது. நகைச்சுவை கேட்டவுடன், நினையாமலே இரு பக்கமும் ஒருங்கே மலரும். மற்றொரு வழி, தாடையிலுள்ள மெல்லும் தசைக்குச் செல்லும் நரம்புக் கிளையோடு இணைப்பது. இதற்கு ஒரே அறுவை போதும். அசைவும் வலிது, விரைவில் வரும். ஆயினும் தொடக்கத்தில் பல்லைக் கடித்தால்தான் புன்னகை பிறக்கும். கண்ணாடி முன் பயின்று பயின்று, கடியாமலே சிரிக்கப் பலர் கற்கின்றனர். காத்திருக்க இயலும் சிறுவர்க்கு முதல் வழியும், முதியோர்க்கு இரண்டாம் வழியும் ஏற்றவை என்பதே பெரும்பாலோர் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. இரு நரம்புகளையும் ஒரே தசையில் சேர்த்து இணைப்போரும் உளர்.

மோபியஸ் என்னும் பிறவிக் குறை உடைய குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரு கன்னங்களும் அசைவதில்லை. கடன் தர நலமுள்ள பக்கம் இல்லாத அவர்களுக்கு மெல்லும் நரம்பே துணை. முதலில் ஒரு கன்னத்திலும், சில மாதங்கள் கழித்து மறு கன்னத்திலுமாகத் தொடைத் தசையைப் பதிக்கின்றனர். அதன் பின்னரே அக்குழந்தை முதன்முறையாகச் சிரிக்கக் கற்கிறது.