நமது இசை விழாவின் இலச்சினை



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசவல்லோர் பலர் உளர். இசை விழாக் குழுவினராகிய எங்களுக்கு ஒதுக்கப்பட்ட பொருள் சிறியது. ஆண்டுதோறும் நம் சங்கம் நடத்தும் இசை விழாவின் இலச்சினையை ஏன் மாற்றினோம், எவ்வாறு மாற்றினோம் என்று சொல்லவேண்டும். எளிய வேலை என்று எண்ணியே தொடங்கினோம். ஐந்து மாதங்கள் ஆயின. பெரியவர்கள் இருவர் எங்களோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டனர்.

பழைய இலச்சினையை நீங்கள் அறிவீர்கள். ஒரு வீணை, அதன் அருகே ஒரு குத்துவிளக்கு. முதலாண்டு அழைப்பிதழ் அடிக்கச் சென்றபோது, அச்சகத்தார் தம் கணிப்பொறியில் இருந்த ஆயத்தப் படங்களுள் ஒன்றை எடுத்து வைத்துத் தந்தார். காதணி விழாவுக்கும் அதே படம். கடைத் திறப்பு விழாவுக்கும் அதே படம். நாமும் மறுபேச்சின்றி வாங்கி வந்துவிட்டோம். வீணையின்மீது நமக்குப் பகை ஏதுமில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் நம் மேடையில் வீணை ஒருமுறையேனும் ஒலித்ததுண்டா? ஒலித்தவை பறையும் தவிலும் ஆர்மோனியமும். பாடப்பட்டவை ஒப்பாரியும் கானாவும் கூத்துப் பாட்டும். அழைப்பிதழில் ஒருவர் வீட்டுப் படம், பந்தலில் வேறொருவர் வீட்டுக் கலியாணம் என்பதாகவே இருந்தது நம் நிலை.

பறையையே வரைவோம் என்றனர் இளைஞர்கள். நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கி, சபாக்களின் பருவத்திலேயே நம் இசையை மேடையேற்றியதை அவர்கள் எடுத்துக்காட்டினர். குழுவில் பெரும்பாலோர் இசைந்தோம். அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "சாவுக்கும் கொடைக்கும் இனி அடிக்கமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்ததற்காக என் தகப்பனாரை மரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். அவர் இறக்கி வைத்ததை நீங்கள் எடுத்து நெஞ்சில் குத்திக்கொள்ளப் போகிறீர்களா, தம்பி?" என்றார். அன்றிரவு எங்களில் ஒருவருக்கும் விடை சொல்ல நா எழவில்லை.

இக்கேள்வி நம் காலத்துக்கு மட்டும் உரியதன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் சூட்டினார். இழிவாக வீசப்பட்ட சொல்லையே தலைப்பில் ஏந்தினார். அயோத்திதாசப் பண்டிதரோ அப்பெயரையே ஏற்க மறுத்தார். 1907-இல் தாம் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயரிட்டார். இவ்விருவருள் எவரைத் தன்மானம் குறைந்தவர் என்போம்? ஆகவே பெரியவரைப் பழைமைவாதி என்று முணுமுணுத்த இளைஞர்களை நாங்கள் கண்டித்தோம். அவர் சொன்னதை மனத்தில் இருத்திக்கொண்டுதான் படம் வரையவேண்டும் என்று முடிவாயிற்று.

முதலில் வந்த படம், தலையில் துண்டு கட்டி, இடுப்பை வளைத்துப் பறையடிக்கும் மனிதர். பார்த்ததும் ஒதுக்கினோம். அது ஊர்த்தெருவின் கண்ணுக்கு நாம் தெரிந்த கோலம். இரண்டாம் படம் பறை மட்டும். தோலின் சுருக்கமும் மரத்தின் ரேகையும்கூட அழகாக வரையப்பட்டிருந்தன. அதை ரசீதுப் புத்தகத்தின் மூலையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுருக்கியபோது மைத்துளி சிந்தியதுபோல் ஆயிற்று. சுவரொட்டியில் பொலியும் படம் ரப்பர் முத்திரையில் நிற்பதில்லை. ஒரே வண்ணத்தில், நகலெடுத்தாலும் சிதையாமல், தொலைவிலிருந்து கண்டாலும் இன்னது என்று தெரியவேண்டும். இப்பாடத்தைக் காசு செலவழித்தே கற்றோம்.

அந்நாளில் பாலிடெக்னிக்கில் பயிலும் நம் மாணவி ஒருவர் அமெரிக்க நாட்டு இசை விழா ஒன்றின் படத்தைக் கொணர்ந்தார். 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் பெத்தல் என்னும் ஊரின் பண்ணை நிலத்தில் நடந்த உட்ஸ்டாக் விழா அது. ஆர்னால்டு ஸ்கோல்னிக் என்பார் வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டி அதற்குச் சுவரொட்டி அமைத்தார். சிவப்பு நிலத்தில் ஒரு கிதாரின் கழுத்து. அதன்மேல் அமர்ந்த வெள்ளைப் பறவை. கூந்தலோ கூட்டமோ பாடகர் முகமோ இல்லை. அவ்விழாவின் வெள்ளி விழா 1994-இல் நடந்தபோது அந்தப் படத்தைத் தூக்கியெறியவில்லை. பறவை ஒன்று இருந்த இடத்தில் இரண்டாயிற்று. புதுப்பிப்பது வேறு, அழிப்பது வேறு என்று அம்மாணவி சொன்னபோது, பழைய இலச்சினையில் நாம் வைத்துக்கொள்ளத் தக்கது எது என்று தேடினோம்.

விளக்கின் சுடர் கிடைத்தது. தீயில் காய்ச்சாமல் பறை பேசுமா? குத்துவிளக்குப் போயிற்று, சுடர் வட்டத்தின் கீழே வந்தமர்ந்தது. பறையின் சட்டம் மூன்று மரத்துண்டுகளை இணைத்துச் செய்வதாதலால், மூன்று வளைகோடுகளால் வட்டம் அமைத்தார். நடுவே இரண்டு கோடுகள்: குட்டையாய்த் தடித்தது அடிக்குச்சி, நெடிதாய் மெலிந்தது சிண்டுக்குச்சி. முத்திரையில் மை அடைத்துக்கொண்டதால் வளைகோடுகளுக்கிடையே இடைவெளியைப் பின்னர்ச் சற்று அகலமாக்கினோம்.

இப்படத்தை அந்தப் பெரியவரின் வீட்டுக்கே எடுத்துச் சென்றோம். வெகுநேரம் பார்த்தார். வட்டத்தின் மேலே தோளில் மாட்டும் வார் ஒன்று மெல்லிய கோடாக இருந்தது. எங்களுக்கு அது பொருட்டாகவே படவில்லை. அவர் அதில் விரலை வைத்து, "இதை எடுத்துவிடுங்கள்" என்றார். "இதுதான் எங்கள் கழுத்தில் கிடந்தது. மற்றது இசை."

எடுத்துவிட்டோம். அவர் இப்போது எங்களோடு பேசுகிறார். மற்றொரு பெரியவர் இன்னும் பேசவில்லை. வீணைப் படத்தோடு வந்த முதல் அழைப்பிதழைச் சட்டமிட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார். இவ்வாண்டு அழைப்பிதழை அஞ்சலில் அனுப்பாமல் அவர் கையில் கொடுத்து வந்தோம். புதிய இலச்சினை பொறித்த வில்லைகள் பந்தல் வாயிலில் தட்டில் வைக்கப்பட்டுள்ளன. விரும்புவோர் அணிந்துகொள்ளலாம், அணியாதவரை ஏன் என்று வினவலாகாது எனத் தொண்டர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்.