வாசல் தேடி வரும் மருந்து



காரைக்குடி என்றதும் பலருக்கும் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடித் தளக்கற்களும் நினைவுக்கு வரும். அந்நகருக்கு வேறொரு சிறப்பும் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்குள்ளது. ஊரார் அதனைச் 'சிக்ரி' என்பர்.

மின்வேதியியல் ஆய்வகச் சுவர்களுக்குள் அடங்கும் கல்வி என்று எண்ண வேண்டா. சர்க்கரை நோயாளியின் விரல்நுனிக் குருதியில் ஒரு துளியைக் கருவியில் செருகிய பட்டையில் தொட்டால், சில நொடிகளில் எண் தெரிகிறதன்றோ? பட்டையிலுள்ள நொதி குருதிச் சர்க்கரையோடு வினைபுரிய, அதனால் எழும் நுண்ணிய மின்னோட்டத்தையே கருவி அளக்கிறது. 1962-இல் லேலண்ட் கிளார்க் என்னும் அமெரிக்க அறிஞர் காட்டிய வழி அது. 1980களின் பிற்பகுதியில் அது கைக்கடக்கமான கருவியாயிற்று.

அக்கருவி கடையில் விற்பதனால் மட்டும் செட்டிநாட்டுச் சிற்றூரின் மூதாட்டியைச் சென்றடைந்துவிடாது. இடையில் ஆட்சியின் ஏற்பாடு ஒன்று வேண்டும். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. மருந்துகளை மொத்தமாக வாங்கித் தரம் சோதித்து மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் கொடுத்து, அதிலுள்ள தொகைக்கேற்ப வழங்கும் முறையை அது வகுத்தது. பிற மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. வெறும் கணக்குப் புத்தகந்தானே என்று கருதலாகாது. சமண நெறி போற்றும் நால்வகைத் தானங்களுள் மருந்துத் தானமும் ஒன்று. தானம் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. கணக்கில் எழுதப்பட்டதோ பெறுபவர் உரிமை.

அவ்வுரிமை மருத்துவமனை வாயிலோடு நின்றிருந்தது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' அதனை வீட்டு வாசலுக்குக் கொணர்ந்தது. தன்னார்வலராகிய பெண் ஒருவர் வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் கொடுத்துச் செல்வார். படுக்கையில் கிடப்போர்க்கு இயன்முறை மருத்துவமும் உண்டு. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆயினும் விருது பெற்ற திட்டம் நடப்பது அப்பெண்களின் கால்களால். அவர்கள் பெறுவது ஊக்கத்தொகையேயன்றி நிலையான ஊதியம் அன்று.

வீடு தேடிச் செல்ல வேண்டிய காரணம் வறுமை மட்டுமன்று. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயது கடந்தோர் நூற்றுக்கு 8.6, தமிழ்நாட்டில் 10.4. அக்காலத்தில் செட்டிநாட்டு ஆடவர் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கச் சென்றனர். சென்றவர் திரும்பி வந்தனர். இக்காலத்துப் பிள்ளைகள் சென்ற இடத்திலேயே குடியமர்கின்றனர். முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாக விரிந்த மாளிகையில் முதியவர் ஒருவர், துணைக்கு ஒருவர். மாளிகையின் செல்வம் அவரைப் பேருந்தில் ஏற்றிவிடாது. வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சமணச் சிற்றூர்களின் நிலையும் இதுவே அன்றோ! மகன் பெங்களூரிலிருந்து அலைபேசியில் முகம் காட்டுவான். "மாத்திரை போட்டீர்களா, அம்மா?" என்பான். "போட்டேன்" என்பார். உண்மையில் போட்டாரா என்பது மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்க்கே தெரியும்.

நம் இல்லங்களுக்கென்று தனிச் சிக்கல்களும் உள. 'இரவு உணவுக்குப் பின்' என்று எழுதித் தருகின்றனர். கதிர் மறைந்தபின் உண்ணாதவர் அதனை எப்போது விழுங்குவார்? நோன்பு நாளில் உண்ணாமல் சில சர்க்கரை மாத்திரைகளை மட்டும் விழுங்கினால் சர்க்கரை அளவு கடந்து இறங்கி மயக்கம் நேரும். குளிகைகளின் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் பெறும் ஜெலட்டினால் ஆனது. அதனை அறிந்த முதியோர் சிலர் யாரிடமும் சொல்லாமல் ஒதுக்கி வைத்துவிடுகின்றனர். ஒதுக்குவதைவிட மருத்துவரிடம் சொல்வது மேல். பல மருந்துகள் மாத்திரையாகவும் கிடைக்கும். வேளையையும் மாற்றித் தருவர்.

வாசலில் வந்து நிற்கும் பெண்ணுக்கு நம் வழக்கம் தெரிந்திருக்க இயலாது. முதியோர் கூச்சத்தால் சொல்லமாட்டார். கதிர் மறையுமுன் உண்பவர், இன்னின்ன நாள்களில் நோன்பு, குளிகை கொள்ளார் என்று பிள்ளைகளே ஒரு தாளில் எழுதி மாத்திரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் புறப்படலாம். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போதே செய்யத்தக்கது இது.