ரேஷன் அரிசியும் மானாவாரி வரகும்



விருத்தாசலம் என்றால் பீங்கான், முந்திரி, மல்லாட்டை என்று எல்லோரும் சொல்வார்கள். வரகும் நம்ம மண்ணின் பயிர்தான். ஆடியில் விதைத்தால் மானாவாரியிலேயே விளையும்; குதிரில் கொட்டி வைத்தால் வருஷக் கணக்கில் கெடாது. கோபுரக் கலசத்தில் வரகு நிரப்புவதும் அதனால்தானே!

அந்தக் குதிர் இப்போது எத்தனை வீட்டில் இருக்கிறது? 2008-ல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூன் முதல் விலையில்லாமலே கிடைக்கிறது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கூலி இல்லாத நாளிலும் அடுப்பு எரிவது அந்த அரிசியால்தான். ஆனால் அரசு கொள்முதல் செய்வது நெல். அதனால் கடைக்கு வருவது அரிசி. சோளம், கம்பு, கேழ்வரகுக்கு மத்திய அரசு ஆதரவு விலை அறிவிக்கிறது. வரகுக்குத் தனியாக அறிவிப்பதில்லை. வாங்கவும் ஆளில்லை, தின்னவும் ஆளில்லை என்றால் விதை எப்படி மிஞ்சும்?

அமெரிக்காவில் செவ்விந்தியர் கதையைக் கேளுங்கள். நிலமும் காட்டெருமை வேட்டையும் பறிபோன பிறகு, அரசு கொடுத்த கோதுமை மாவும் கொழுப்பும்தான் அவர்களுக்குச் சாப்பாடு. பின்னால் சர்க்கரை நோய் அவர்களிடையே பெருகியது. இப்போது தங்கள் மக்காச்சோளம், அவரை, பூசணி விதைகளைத் தேடித் தேடிப் பயிர் செய்கிறார்கள். கைவிட்ட பிறகு தேடுவது கஷ்டம் ஐயா!

நமக்கு இன்னும் வழி இருக்கிறது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுதானியத்துக்கும் இடம் உண்டு. 2023 மே மாதம் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கே கேழ்வரகு என்றால், இங்கே வரகு ஏன் கூடாது? கிராம சபையில் கேளுங்கள், தீர்மானம் போடுங்கள்.

கேட்பதற்கு முன் கையில் விதை வேண்டும். வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் அரை ஏக்கர் ஒதுக்குங்கள். ஏக்கருக்கு நாலைந்து கிலோ விதை போதும். அறுவடையில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த வரகைச் சமைக்காதீர்கள். மயக்கமும் வாந்தியும் வரும். மாட்டுக்கும் போட வேண்டாம். வரகுக்கு உமி கெட்டி. மண் திருகையில் அரைக்க இன்று ஆளில்லை. ஆகவே நாலு ஊர் சேர்ந்து ஓர் உமி நீக்கும் இயந்திரம் வாங்கினால் பெண்களுக்குப் பெரிய பாரம் குறையும்.

ரேஷன் அரிசி பையில் இருக்கட்டும். நம்ம வரகு குதிரில் இருக்கட்டும்.