சலவை அறையின் காவலன்

சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் வீட்டு மின்சாரம் திடீரென நின்றுவிடுகின்றது. அயல் வீட்டில் விளக்கு எரிகின்றது. மின்பலகையிலுள்ள ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கின்றது. அதை மீண்டும் மீண்டும் உயர்த்திப் பார்ப்பதே பலரின் வழக்கம். அது ஆபத்தான வழக்கமாகும்.

இச்சாதனம் பளுவை அளப்பதன்று. சென்ற மின்னோட்டம் முழுவதும் திரும்பியதா என்பதையே அது கணக்கிடுகின்றது. வீடுகளிற் பெரும்பாலும் அக்குறைவு 30 மில்லியம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். 60 வாற்று மின்குமிழ் கொள்ளும் மின்னோட்டத்தில் இஃது ஏறத்தாழ ஒன்பதிலொரு பங்கே. ஆயினும், ஈரக் கையுடன் நிற்பவரின் உடலூடாகப் பாய்ந்தால் உயிரைப் பறிக்க அதுவே போதும்.

ஆகவே, கைகால்களை உலர்த்தி, உலர்ந்த செருப்பணிந்து, செருகிகள் அனைத்தையும் கழற்றுதல் வேண்டும். ஆளியை அணைத்தல் மட்டும் போதாது; நொதுமற் கம்பியிலும் பழுது இருக்கலாம். பின்னர் ட்ரிப் சுவிட்சை உயர்த்தி, கருவிகளை ஒவ்வொன்றாக, அவற்றின் உடலைத் தொடாது இயக்கிப் பார்க்கலாம். எதனை இயக்கும்போது விழுகின்றதோ, அதிலேயே கசிவு உண்டு. சலவை இயந்திரமாயின், நீரைச் சூடாக்கும் சுருளோ நனைந்த மோட்டரோ காரணமாகலாம். அனைத்தையும் கழற்றிய பின்னரும் விழுந்தால், பழுது சுவர்க் கம்பிகளிலோ நிலையான பொருத்துக்களிலோ இருத்தல் கூடும். தகுதிபெற்ற மின்னியலாளரை அழைப்பதே முறை.

திங்கள்தோறும் சோதனைப் பொத்தானை அழுத்துதலும் நன்று. அழுத்தியும் விழாத சுவிட்ச் காக்கும் என நம்பத்தக்கதன்று. அதனை உடனே மாற்றுவித்தல் வேண்டும்.