எத்தனை மணிக்குப் பட்டது?

போன வருஷம் எங்க சித்தப்பா வீட்டில் கேஸ் கசிஞ்சு தீப்பிடிச்சது. அவருக்குக் கை, நெஞ்சு, தொடை எல்லாம் வெந்துபோச்சு. எமர்ஜென்சியில் டாக்டர் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்குப் பட்டது?" சித்தி என்னைப் பார்த்தாங்க, நான் தம்பியைப் பார்த்தேன். இப்போ இது ரொம்ப முக்கியமான்னு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அப்புறம்தான் படிச்சேன். உடம்பில் கால்வாசிக்கு மேல் வெந்தால் பாதிப்பு தோலோடு நிற்காது. வேகாத இடத்தில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள்கூட கசிய ஆரம்பிக்கும். ரத்தத்தில் இருக்க வேண்டிய நீரும் உப்பும் புரதமும் சதைக்குள் இறங்கிடும். ஆள் வெளியே வீங்கிட்டே போவார், உள்ளே ரத்த ஓட்டத்துக்கு நீர் பத்தாது, சிறுநீரகம் அடிவாங்கும். ஆனா முதல் சில மணி நேரம் தெளிவா பேசிட்டுகூட இருப்பார். அதுதான் நம்மை ஏமாத்திடும்.

அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து பார்க்லேண்ட் மருத்துவமனை சர்ஜன் சார்லஸ் பாக்ஸ்டர், 1968இல் இதுக்கு ஒரு கணக்கு கொடுத்தார். கென்னடியை சுட்டப்போ கொண்டுபோனது அதே ஆஸ்பத்திரிக்குத்தான், அன்னைக்கு சிகிச்சை அறையில் இவரும் இருந்தார். கணக்கு சுலபம். எடையை வெந்த பரப்பின் சதவீதத்தால் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கணும். அத்தனை மில்லி ரிங்கர் லாக்டேட், 24 மணி நேரத்தில். 60 கிலோ, 40 சதவீதம்னா 9,600 மில்லி. கிட்டத்தட்ட பத்து லிட்டர்! அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள், ஏன்னா கசிவு அப்போதான் அதிகம். அந்த 8 மணி நேரம் தீ பட்டதிலிருந்து தொடங்குது, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இல்லை. உடனே போனா மணிக்கு 600 மில்லி. 3 மணி நேரம் தாமதமானா மணிக்கு 960.

கோடிங் பண்றவனுக்கு ஃபார்முலா கிடைச்சா சந்தோஷம். டாக்டர்களுக்கு அது வெறும் தொடக்கம்தான். இப்போ பல இடங்களில் 4-க்குப் பதில் 2-இல் ஆரம்பிக்கிறாங்க. அப்புறம் சிறுநீர் அளவைப் பார்த்து, கிலோவுக்கு மணிக்கு அரை மில்லியாவது வருதான்னு கூட்டிக் குறைக்கிறாங்க. அதிகமா ஏத்தினாலும் ஆபத்து, வயிற்றிலும் நுரையீரலிலும் நீர் கோத்துக்கும்.

எங்க வீட்டில் இன்னொரு தப்பும் நடந்தது. பக்கத்து வீட்டு அக்கா இட்லி மாவு பூசிட்டாங்க. குழாய்த் தண்ணியில் 20 நிமிஷம் காட்டியிருக்கணும். ஐஸ் வேண்டாம். மோதிரம், வாட்சை வீங்குறதுக்கு முன்னாடியே கழற்றிடணும்.

நேரத்தைக் கடைசியில் என் போனில்தான் பிடிச்சோம். 108-க்கு அடிச்சது 7.42. "அதுக்கு எவ்வளவு முன்னாடி?" "பத்து நிமிஷம் இருக்கும், சார்." டாக்டர் 7.30னு எழுதிக்கிட்டார். சித்தப்பா இப்போ வேலைக்குப் போறார். வலது கை மட்டும் முழுசா மடங்காது.